குடும்ப வரலாறு தேடத் தொடங்குவது எப்படி? வடசென்னைக் குடும்பங்களுக்காக ஒரு இழை

கல்மண்டபம் ஜெராக்ஸ்:

வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்ததே, அப்போது காலை எட்டு மணிக்கே கடை வாசலில் கூட்டம் நிற்கும். 2002 அல்லது 2005 பட்டியலில் தன் பேரையோ அம்மா அப்பா பேரையோ தேடி எடுத்து, பாகம் எண்ணும் வரிசை எண்ணும் படிவத்தில் எழுத வேண்டும். ஒரு நாள் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா வந்தார். அவருடைய தாயார் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம். அரைமணி நேரம் தேடி, பழைய தெருப் பேரோடு அந்தத் தாயாரின் பேரைக் கண்டுபிடித்தேன். ஸ்கிரீனில் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இத தனியா ஒரு பிரிண்ட் போட்டுக் குடுப்பா" என்றார். படிவத்துக்கு அது தேவையில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்டார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு மேல், யார் வந்தாலும் அவர்கள் குடும்பத்தைத் தேடிக் கொடுக்க உட்காருகிறேன். காசு வாங்குவதில்லை. இதுவரை ஏழு குடும்பம். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள்.

வருகிற எல்லோரும் அப்பா, தாத்தா, முப்பாட்டன் என்று ஆண் வழியிலேயே போகப் பார்க்கிறார்கள். நம் இனிஷியல் நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் இனிஷியல் ஒரு படிதான் ஏற்றும். அப்பா பேர் தெரியும், அப்பாவின் இனிஷியலை வைத்துத் தாத்தா பேரின் முதல் எழுத்து தெரியும், அதோடு சரி. பட்டணத்துக்குப் பிழைக்க வந்த ஆண்கள் ஊரை விட்டுவிட்டார்கள். பெண்கள் விடவில்லை. வளைகாப்புக்கு, பிரசவத்துக்கு, காதுகுத்துக்கு என்று தாய்வீட்டுக்குப் போய் வந்துகொண்டே இருந்தார்கள். அதனால் ஊரைக் கேட்க வேண்டிய இடம் ஆயாவும் அத்தையும்.

என் வீட்டிலேயே சொல்கிறேன். என் அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் நாலு பேர், அம்மாதான் மூத்தவள். மற்ற நாலு பேரும் ராயபுரம் லையிங்-இன் என்கிற பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், நாலு பேருக்கும் மாநகராட்சிப் பதிவு இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் இல்லை. பதியாமல் விட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம். ஆயாவின் தங்கை, எங்கள் சின்ன ஆயா, ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார்: "தலைப்பிரசவத்த எவனாவது புருஷன் வூட்ல பாப்பானா?" அவ்வளவுதான். ஊத்துக்கோட்டை பக்கத்தில் ஆயா பிறந்த ஊரின் பழைய பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது. குழந்தையின் பேர் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலத்தில் பேர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்துவிடும். பெண் குழந்தை, தகப்பன் பேர், தகவல் சொன்னவர் பேர். தகவல் சொன்னவர் ஆயாவின் அண்ணன். அப்படி ஒரு அண்ணன் இருந்தார் என்பதே என் தலைமுறைக்குத் தெரியாது.

அதனால் நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் ஆயாவுக்கு மூத்த பிள்ளை யார், அந்தப் பிள்ளை எங்கே பிறந்தது?


பட்டாளம்:

அண்ணே, படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று தெரியவில்லை. எங்கள் குடிசை ஒரு தடவை தீயில் போனது. அப்புறம் குடிசை மாற்று வாரிய வீடு கிடைத்தது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கேயும் பெட்டியோடு எல்லாம் ஊறிப் போனது. நிலம் கிடையாது, பட்டா கிடையாது. தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தார் என்பது மட்டும் தெரியும். அப்பா ஐந்து வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். என் பொண்ணு பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள், நாலு கட்டத்துக்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அவள் அதை மடித்துப் பையில் வைத்ததைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. எங்கிருந்து தொடங்குவது?


பெரம்பூர் லோகோ:

தம்பி, நான் பெரம்பூர் ரயில்வே லோகோ ஒர்க்ஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிலம் இருந்தவனுக்குப் பட்டா என்றால், வேலை செய்தவனுக்கு வேலைக் காகிதம். பின்னி மில் என்று நீங்கள் சொல்கிற பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு முழுக்க இருக்கின்றன. 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது அந்தத் தொழிலாளிகளை வைத்துத்தான். சங்கத்தைத் தொடங்கிய வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் பேசிய கூட்டங்களில் உங்கள் முப்பாட்டன் உட்கார்ந்திருக்கலாம். 1921ல் நீண்ட வேலைநிறுத்தம், அதையொட்டிப் புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன. "நாங்க முன்னாடி அந்தத் தெருவுல இருந்தோம்" என்று பெரியவர்கள் சொன்னால், அந்த வருஷத்தில் இடம் மாறிய குடும்பமா என்று கேட்டுப் பாருங்கள்.

1996ல் மில் மூடியபோது கணக்கு முடித்த காகிதம் யார் கையிலாவது இருக்கும். பி.எஃப். சீட்டு, பென்ஷன் உத்தரவு, வாரிசு நியமனம் செய்த படிவம். உங்கள் வீட்டில் இல்லையென்றால் தாத்தாவின் அண்ணன் தம்பி வீட்டில், இல்லையென்றால் அவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர் வீட்டில். மில்லில் எடுத்த குரூப் போட்டோ பல வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதன் பின்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள், ஸ்டுடியோ பேரும் வருஷமும் சில நேரம் இருக்கும். ரயில்வேக்காரன் வீடு என்றால் சர்வீஸ் ரிஜிஸ்டரில் தகப்பன் பேர், சொந்த ஊர், உயரம், உடம்பில் உள்ள மச்சம் வரைக்கும் எழுதியிருப்பார்கள். என் அப்பாவின் புறங்கையில் தழும்பு இருந்தது என்பது எனக்கு ஞாபகமே இல்லை. அவர் ரிஜிஸ்டரின் நகலில் படித்த பிறகுதான், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனது ஞாபகம் வந்தது.

ஒரு எச்சரிக்கை. வேலைக் காகிதத்தில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். வேலைக்காக இரண்டு வருஷம் கூட்டியும் சொன்னார்கள், குறைத்தும் சொன்னார்கள்.

அப்புறம், பெரியவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்டால் முழிப்பார்கள். எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று கேளுங்கள். எங்கள் அத்தை தன் மாமனாரைப் பற்றி, "எம்டன் குண்டு போட்டப்ப கைக்குழந்தையாம்" என்றார். எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 1914 செப்டம்பர் 22. ஒரே வாக்கியத்தில் பிறந்த வருஷம் கிடைத்துவிட்டது. அதே மாதிரி ஜப்பான்காரன் வருவான் என்று பட்டணமே காலியானது 1942 ஏப்ரல். பெரிய வெள்ளம் 1943 அக்டோபர். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. இவற்றில் ஒன்றாவது எல்லா வீட்டிலும் ஒரு பிறப்போடோ கல்யாணத்தோடோ ஒட்டிக்கொண்டிருக்கும்.


சர்மா நகர் அக்கா:

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பர்மாக் குடும்பம். 1964ல் ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி வந்தவர்கள். தம்பி பட்டாளம், எங்களுக்கும் காகிதம் இருக்காது என்றுதான் நினைத்தோம். ஆனால் அகதியாக வந்ததற்குக் கொடுத்த அட்டையில் குடும்பத்தில் இருந்த எல்லோர் பேரும் வயதும் இருந்தது. கப்பலில் வரும்போது மூன்று வயதில் இருந்த ஒரு குழந்தையின் பேரும் அதில் இருந்தது. அந்தக் குழந்தை இங்கே முகாமில் இறந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பர்மாக் குடும்பங்களுக்கு உதவுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு இரண்டு பேர் இருக்கும், வீட்டில் தமிழ்ப் பேர், பள்ளிக்கூடத்தில் பர்மாப் பேர். பர்மாப் பேருக்கு முன்னால் வருவது வயதைப் பொறுத்து மாறும். பையனுக்கு மோங், வாலிபனுக்கு கோ, பெரியவருக்கு ஊ, ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் பேரில் வருகிற அந்த ஊ. பெண்ணுக்கு மா, வயதானால் டோ. எங்கள் தாத்தாவுக்கு மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்ததால் மூன்று ஆள் என்று நினைத்து மூன்று மாதம் வீணாகப் போனது. முன்னால் இருப்பதை எடுத்துவிட்டுப் பார்த்தபோது ஒரே பேர்.

பேச வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அத்தையை ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, போனை எதிரே வைத்து, "பர்மாவ பத்தி சொல்லுங்க அத்த" என்று ஆரம்பித்தேன். "அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்று முடித்துவிட்டார். இன்னொரு நாள் அடுக்களையில் இரண்டு பேரும் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். தலையைக் கிள்ளிக் குடலை உருவிக்கொண்டே, "அங்க இத காயவச்சி இடிச்சி ஒரு பொடி பண்ணுவா எங்கம்மா" என்றார். அம்மாவிலிருந்து அம்மாவின் ஊர், அங்கிருந்து ரங்கூனில் இருந்த தெரு, பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், அவர்களில் யார் இங்கே பர்மா பஜாரில் கடை போட்டார்கள் என்று நாற்பது நிமிஷம். போனைப் பதிவில் போட்டு அரிசி டப்பா மேல் வைத்திருந்தேன், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள். பின்னால் தெரிந்தால் அதோடு பேச்சு நின்றுவிடும்.


காசிமேட்டுக்காரன்:

கோயில் பதிவேடுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ராயப்பர் கோயிலைப் போன்ற பழைய பங்குகளில் தாய் தகப்பன் பேரோடு ஞானத்தாய், ஞானத்தகப்பன் பேரும் இருக்கும். அதைச் சும்மா தாண்டிப் போய்விடாதீர்கள். ஞானத்தகப்பனாக நிற்பவர் பெரும்பாலும் மாமனோ சித்தப்பனோ. ஒரு குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளுக்கும் யார் யார் நின்றார்கள் என்று எழுதிப் பாருங்கள், உறவு முறை தானாகவே தெரியும்.

பழைய பதிவேடுகளில் லத்தீனில் எழுதியிருப்பார்கள், அங்கேதான் பலர் திரும்பிவிடுகிறார்கள். வீட்டில் சின்னப்பன் என்றால் பதிவேட்டில் பவுலுஸ் (பவுல்) இருக்கும். ராயப்பன் பெத்ருஸ் (பேதுரு), அருளப்பன் யோவான்னெஸ் (யோவான்), சூசை யோசேபுஸ் (ஜோசப்), யாகப்பன் யாக்கோபுஸ் (ஜேம்ஸ்). என் பாட்டனை "சின்னப்பன்" என்று தேடி இல்லையென்று வந்துவிட்டேன். இரண்டாவது தடவை போனபோது கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைதான் சொன்னார். போகும்போது ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சாமியாருக்கு நேரம் இருக்காது. வாரநாளில் போய், தேதியை ஒரு ஐந்து வருஷத்துக்குள் சுருக்கிக் கொடுத்தால் மனசோடு தேடிக் கொடுப்பார்கள். சும்மா "எங்க தாத்தா" என்று போய் நின்றால் யாராலும் முடியாது.

இன்னொன்று, நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறைக்கு அன்றைக்குப் போங்கள். ஒவ்வொரு கல்லறையும் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றியிருக்கும். எங்கள் குடும்பக் கல்லறைக்கு ரெண்டு வரிசை தள்ளி ஒரு கல்லறைக்கும் எங்கள் ஆயா ஒவ்வொரு வருஷமும் ஒரு மெழுகுவத்தி வைப்பாள். யார் என்று கேட்டதேயில்லை. ஆயா போன பிறகு முதல் வருஷம் நான் அங்கே வைக்கப் போனபோது, வேறு ஒரு குடும்பம் நின்றிருந்தது. "உங்க ஆயா வரலையா?" என்று கேட்டார்கள். ஆயாவின் அப்பாவுக்கு முதல் தாரத்துப் பிள்ளைகளின் குடும்பம் அது. அன்று அங்கேயே நின்று பேசிய ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் கிடைத்தார்கள். அவர்களில் நாலு பேர் தண்டையார்பேட்டையிலேயே இருக்கிறார்கள்.


மின்ட் தெருப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் படிக்கிறேன். இரண்டு கேள்வி. ஒன்று, குடும்ப மரம் போடுகிற செயலிகளில் குடும்பப் பேர் என்று ஒரு கட்டம் கேட்கிறதே, அங்கே என்ன போடுவது? இரண்டு, எங்கள் தாத்தாவின் நோட்டில் அவர் பிறந்தது "தாது வருஷம் மாசி" என்று இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில்தான் எங்கள் குடும்பம் பட்டணம் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். அப்படியானால் தாத்தா 1877ல் பிறந்தவரா? ஆனால் என் அப்பா 1968ல் பிறந்தவர். இடிக்கிறது.


பெரம்பூர் லோகோ:

நல்ல கேள்வி அம்மா. தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். பஞ்சம் வந்த தாது 1876-77. அடுத்த தாது 1936-37. உங்கள் தாத்தா பிறந்தது 1937 பிப்ரவரி, மார்ச்சில். அப்பா பிறக்கும்போது அவருக்கு முப்பத்தொன்று, சரியாக வருகிறது. பஞ்சத்தில் பட்டணம் வந்தது அவருடைய தாத்தாவாக இருக்கும். ஒரே வருஷப் பேர் இரண்டு கதையிலும் வந்ததால் வீட்டில் ஒன்றாகக் கலந்துவிட்டது. நோட்டில் கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு நாளையே பிடித்துவிடலாம்.


கல்மண்டபம் ஜெராக்ஸ்:

குடும்பப் பேர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்பா பேரை அங்கே போட்டால் நாலு தலைமுறை தாண்டியதும் அண்ணன் தம்பிகளே வேறு வேறு குடும்பமாகத் தெரிவார்கள். இனிஷியலை விரித்து முழுப் பேராகக் குறிப்பில் எழுதுங்கள். சில வீட்டில் முதல் எழுத்து ஊர்ப் பேர், அதையும் கேட்டுவிடுங்கள். நான் செயலி பக்கம் போவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்றைத்தான் கொடுக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது. இந்த இரண்டும் இல்லாமல் எழுதிய நோட்டு ஒரு வருஷம் கழித்து நமக்கே உதவாது.

வீட்டில் இருக்கிற காகிதத்தின் வயதைக் கண்டுபிடிக்கவும் சில வழி உண்டு. மொய் நோட்டில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியாக இருந்தால் 1957க்கு முந்தியது, அல்லது அதை ஒட்டியது. அந்த வருஷம் ஏப்ரலில்தான் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகையில் சென்னை-13 என்று மட்டும் இருந்து ஆறு இலக்கம் இல்லையென்றால் பெரும்பாலும் 1972க்கு முன்பு. "லை", "னை" எல்லாம் துதிக்கை போட்டு அச்சாகியிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு, ஆனால் சில அச்சகங்கள் பழைய எழுத்தையே கொஞ்ச காலம் வைத்திருந்தன. பத்திரிகையை எடுத்தவுடன் "இன்னாரின் பேத்தியும், இன்னாரின் குமாரத்தியுமான" என்கிற வரியைப் பாருங்கள். மூன்று தலைமுறை ஒரே வரியில் இருக்கும். கீழே தாய்மாமன் பேரும் ஊரும் இருக்கும். ஒரு அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருபது பத்திரிகை இருந்தால் ஒரு அலுவலகத்துக்கும் போக வேண்டாம்.


எண்ணூர் கழிமுகம்:

வேறு மாதிரி ஒரு உதவி வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஒருவர் மூலமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒரு பெரியவர் பழக்கமானார். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். கப்பல் பட்டியலின் நகல் அனுப்பியிருக்கிறார். ஊர் "திரிவட்டூர்" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இணையத்தில் பார்த்து அது திருவொற்றியூர் என்று முடிவு செய்து, தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார். வடிவுடையம்மன் கோயிலில் பூசைக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறார். அவர் உறவுக்காரர்கள் யாராவது திருவொற்றியூரில் இருப்பார்களா என்று எப்படித் தேடுவது?


பெரம்பூர் லோகோ:

பூசைக்குச் சொல்வதற்கு முன் அந்தப் பட்டியலில் ஜில்லா என்ற பத்தியைப் படித்துச் சொல்லுங்கள். முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16ல் டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டர்பன் இருக்கிற நேட்டாலுக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பேர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாணா என்கிற போலீஸ் சரகம், கிராமம், உடல் அடையாளம் என்று எழுதினார்கள். ஊர்ப் பேரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால் எழுத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.


எண்ணூர் கழிமுகம்:

சார், ஜில்லா வட ஆற்காடு என்று இருக்கிறது. தாணா பத்தி மங்கிவிட்டது.


பெரம்பூர் லோகோ:

அப்படியானால் திருவொற்றியூர் இல்லை. திருவொற்றியூர் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா. வட ஆற்காட்டில் அந்த ஒலிக்குப் பொருந்துவது திருவோத்தூர், இன்றைக்குச் செய்யாறு என்று சொல்கிறோமே அந்த ஊர். சம்பந்தர் ஆண்பனையைப் பெண்பனையாக்கிய தலம். 1989ல் வட ஆற்காட்டைப் பிரித்த பிறகு அது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அவர் இன்றைய வரைபடத்தில் தேடியதால்தான் திசை மாறிவிட்டது. பழைய ஜில்லா எல்லையை முதலில் வைத்துக்கொண்டு அதற்குள் ஊரைத் தேட வேண்டும். ஊர் என்று தாலுகாவின் தலைநகரையே சொல்லியிருக்கவும் கூடும், அதனால் சுற்றுப்பட்டுக் கிராமங்களையும் கணக்கில் வையுங்கள். டர்பன் பெரியவர் வீட்டில் இன்னும் கும்பிடுகிற சாமி எது என்று கேளுங்கள். பேர் மாறலாம், மொழி மறக்கலாம், குலதெய்வத்தின் பேரை அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார்கள். அந்தச் சாமி செய்யாறு பக்கம் எந்த ஊர் எல்லையில் இருக்கிறது என்று விசாரித்தால் கிராமம் கிடைக்க வழி உண்டு. அந்த ஊரில் தலைக்கட்டு வரி, அதாவது ஊர்க் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி, எழுதும் நோட்டு வைத்திருப்பவரைப் பாருங்கள், எந்தப் பங்காளி வகையறா எப்போது ஊரை விட்டுப் போனது என்று அவருக்குத்தான் தெரியும்.

இதை நாமே தேடி முடித்து அவரிடம் முடிவைச் சொல்ல வேண்டாம். அவரையே சாமி பேரைக் கேட்டுச் சொல்ல விடுங்கள். அவர் வீட்டு மூத்த பெண்ணிடம் அவர்தான் போய் உட்கார வேண்டும்.


மின்ட் தெருப் பொண்ணு:

ரொம்ப நன்றி சார். 1937 என்றதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு.

இன்னொன்று கேட்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது. தேடிக்கொண்டு போனதில் கொள்ளுத்தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது தெரிந்துவிட்டது. ஆயா உயிரோடு இருக்கிறார். அதை மரத்தில் எழுதுவதா? சாதி என்ற பத்தியும் சில காகிதத்தில் இருக்கிறது, அதையும் எழுத வேண்டுமா?


கல்மண்டபம் ஜெராக்ஸ்:

இதில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது குடும்பத்துக்குத் தேடிக் கொடுத்தபோது, அந்த வீட்டு மூத்தவர் தத்துப் பிள்ளை என்பது ஒரு பழைய பத்திரத்தில் தெரிந்தது. கண்டுபிடித்த சந்தோஷத்தில், கடையில் நாலு பேர் இருக்கும்போதே வாய்விட்டுப் படித்துவிட்டேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது. அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது. ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "தெரிஞ்சது நல்லதுதான், ஆனா அத எங்கூட்டுக்குள்ள சொல்லியிருக்கணும்" என்றார். அதிலிருந்து பத்திரத்தை நான் படிப்பதில்லை. அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன், படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் நம்புகிற ஒருவரைக் கூட்டி வரச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு: நோட்டில் எழுதுங்கள். இல்லாததுபோல் விட்டால் அந்த இன்னொரு குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டாவது தடவையும் விலக்கப்படுகிறார்கள். ஆனால் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பக்கத்தை இணையத்தில் ஏற்றாதீர்கள். ஆயாவுக்குச் சொல்வதா என்பதை உங்கள் அம்மாவோடு பேசி முடிவு செய்யுங்கள், ஆயாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும். சாதிப் பத்தியைப் பொறுத்தவரை, காகிதத்தில் உள்ளது உள்ளபடி உங்கள் வீட்டு நோட்டில் இருக்கட்டும், அதை வைத்துத்தான் அடுத்த பதிவேட்டில் அதே ஆளா என்று உறுதி செய்ய முடியும். வெளியே யாருக்கும் காட்ட வேண்டிய அவசியமில்லை.


பட்டாளம்:

மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதுகிறேன். அண்ணன் சொன்னபடி ஆயாவின் மூத்த பிள்ளை யார் என்று கேட்டேன். என் அப்பா மூத்தவர் இல்லையாம். அவருக்கு முன்னால் ஒரு அக்கா இருந்து எட்டு வயதில் அம்மை வந்து இறந்திருக்கிறார். புளியந்தோப்பில் இருக்கும் ஆயாவின் அக்காவுக்குத் தொண்ணூறு வயது இருக்கும், படுக்கையில்தான் இருக்கிறார். லோகோ சார் சொன்ன மாதிரி வருஷத்தைக் கேட்காமல், அந்தக் குழந்தை எங்கே பிறந்தது என்று மட்டும் கேட்டேன். "எங்கூர்லதான், மதுராந்தகம் ஏரி ஒடஞ்சிடும்னு ராத்திரி பூரா முழிச்சிருந்தோம், அன்னிக்கு" என்றார். ஊர்ப் பேரையும் சொன்னார். மதுராந்தகத்துக்குக் கிழக்கே ஒரு சின்னக் கிராமம்.

அவர் பேத்தி பரண் மேலிருந்து ஒரு மொய் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அணாக் கணக்கு. அட்டை இல்லை, முதல் நாலு பக்கம் கரையான் தின்றிருக்கிறது. ஏழாவது பக்கத்தில் என் தாத்தா பேர், அதற்குப் பக்கத்தில் "மில்", அதற்குப் பக்கத்தில் ரூ. 2-8-0. அவர் பேரை எழுத்தில் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என் பொண்ணு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்த ஊரில் ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பார்களாம். இந்த வருஷம் போகலாம் என்று இருக்கிறோம். பெரிய ஆயாவால் வர முடியாது, அவர் குரலைப் பதிவு செய்து கொண்டு போகிறோம். அங்கே தலைக்கட்டு நோட்டு வைத்திருப்பவரை எப்படிக் கேட்பது, வெறுங்கையோடு போகலாமா?


பெரம்பூர் லோகோ:

வெறுங்கையோடு போகாதீர்கள், தம்பி. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி துண்டு. வரி பாக்கி எவ்வளவு என்று நீங்களே முதலில் கேளுங்கள். இத்தனை வருஷப் பாக்கியையும் கேட்க மாட்டார்கள், இந்த வருஷ வரியை வாங்கிக்கொண்டு பேர் எழுதுவார்கள். எழுதும்போது உங்கள் பேரை மட்டும் கொடுக்காதீர்கள். தாத்தா பேரைச் சொல்லி, அவருடைய பேரன் என்று எழுதச் சொல்லுங்கள். எட்டு வயதில் போன அந்த அத்தையின் பேரையும் கேட்டு, உங்கள் நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.


கல்மண்டபம் ஜெராக்ஸ்:

மொய் நோட்டை ஊருக்குக் கொண்டு போக வேண்டாம். கரையான் தின்ற தாள், ஒரு பஸ் பயணத்தைத் தாங்காது. இந்த வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். மூடி போட்டு அழுத்துகிற மெஷினில் வைக்காமல், மேலிருந்து போட்டோவாகவே ஒவ்வொரு பக்கமாக எடுத்து, இரண்டு செட் பிரிண்ட் போட்டுவிடலாம். ஒரு செட் உங்களுக்கு, ஒன்று அந்த ஊர்ப் பெரியவருக்குக் கொடுக்க. பொண்ணையும் கூட்டி வாருங்கள், பள்ளிக்கூடத்து மரத்தைப் பெரிய தாளில் எடுத்துத் தருகிறேன்.